ஒரு நாள் தவறினால் உறுதி குலையுமா?

உறுதி எடுப்பது எளிது. அதனைக் காப்பது அரிது. இதனை அறியாதார் இலர். ஆயினும் காப்பது ஏன் அரிதாகிறது, எவ்வேளையில் அரிதாகிறது, அவ்வேளையில் அறிவுடையார் செய்யத்தக்கது யாது என்பனவற்றை நாம் பெரும்பாலும் ஆராய்வதில்லை. நாள்தோறும் செய்யும் உடற்பயிற்சி என்னும் சிறியதொரு செயலை எடுத்துக்கொண்டு இவ்வினாவைச் சற்றே சிந்திப்போம். செயல் சிறிதாயினும் அதனுள் அடங்கிய அறக்கேள்வி சிறிதன்று.

குளிரும் விழாவும்

நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று கல்வியின் பொருட்டும் பணியின் பொருட்டும் குளிர்நாடுகளில் வாழ்கின்றனர். கனடா நாட்டின் டொரண்டோ மாநகரை எண்ணிப் பார்ப்போம். தெற்காசியாவுக்கு வெளியே தமிழர் மிகுதியாக வாழும் நகரங்களுள் அதுவும் ஒன்று. ஜூன் மாத இறுதியில் அங்கே இரவு 9 மணி வரை வெளிச்சம் இருக்கும். பணி முடிந்து வீடு திரும்பியவர் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடக்கலாம், விரும்பினால் ஓடலாம். அப்போது ஒருவர், “இனி நாள்தோறும் தவறாது நடப்பேன்” என்று உறுதி பூணுகிறார் எனக் கொள்வோம். ஜூலையும் ஆகஸ்டும் அவ்வுறுதியைத் தாமே சுமந்து செல்கின்றன. டிசம்பர் வந்ததும் நிலை மாறுகிறது. பகற்பொழுது ஏறத்தாழ 9 மணி நேரமாகச் சுருங்குகிறது. மாலை 5 மணிக்கு முன்பே கதிரவன் மறைகிறான். நடைபாதையில் பனி உறைந்து கண்ணாடிபோல் வழுக்குகிறது. வேலை முடிந்து இருளில் வீடு திரும்பியவருக்கு மீண்டும் வெளியே செல்ல மனம் வருவதில்லை.

இது ஒருபுறமிருக்க, விழாக்கள் மறுபுறம் நிற்கின்றன. கிறிஸ்துமஸ் விடுமுறை, ஆங்கிலப் புத்தாண்டு, அதனைத் தொடர்ந்து தைப்பொங்கல் என மூன்று நான்கு வாரங்கள் விருந்தும் உறவினர் வருகையுமாகக் கழிகின்றன. குளிர், “வெளியே செல்லாதே” எனத் தடுக்கிறது. விருந்து, “உள்ளே இரு” என அழைக்கிறது. தடையும் அழைப்பும் ஒருங்கே சேரும் இவ்விடத்தில்தான் உறுதி சோதனைக்கு உள்ளாகிறது.

தனக்குத் தானே தந்த சொல்

“நான் நடக்காவிட்டால் யாருக்கு என்ன தீங்கு? உறுதி எடுத்தவன் நான், விட்டவனும் நான். இதில் அறம் எங்கே வந்தது?” என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பிறருக்கு வாக்களித்தோமாயின், அதனின்றும் நம்மை விடுவிக்கும் உரிமை அவருக்கே உண்டு. தனக்குத் தானே அளித்த வாக்கிலோ, தந்தவனும் பெற்றவனும் ஒருவனே. நினைத்த கணத்தில் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ளலாம் எனின், அது வாக்கு என்னும் பெயருக்கே உரியதாகுமா? மெய்யியலார் ஆராய்ந்து வரும் சிக்கல்களுள் இதுவும் ஒன்று.

விடை காண வேண்டுமாயின், விடுவிப்பவன் யார் என்று பார்த்தல் வேண்டும். ஜூன் மாதத்தில் உறுதி பூண்டவன் தன் உடல்நிலை, வயது, குடும்பப் பொறுப்பு, இனி வரவிருக்கும் ஆண்டுகள் ஆகிய அனைத்தையும் எண்ணி முடிவு செய்தான். டிசம்பர் மாத விடியலில் கம்பளிக்குள் கிடப்பவனோ அடுத்த அரைமணி நேரத்தை மட்டுமே எண்ணுகிறான். அவன் இவ்வழக்கில் ஒரு கட்சிக்காரன். நீதிபதியின் இருக்கையில் அமரும் தகுதி அவ்வேளையில் அவனுக்கு இல்லை. உறுதியை ஒருபோதும் மாற்றலாகாது என்பது இதன் பொருளன்று. மாற்ற நேரிடின், தெளிந்த மனத்தோடு அமர்ந்து எண்ணி மாற்றுதல் வேண்டும். சோம்பல் எழுதும் தீர்ப்பு செல்லாது.

லண்டன் குளிரில் ஒரு விரதம்

குளிரைக் காரணமாகக் காட்டி உறுதியைத் தளர்த்துமாறு அறிவுறுத்துவோர் எக்காலத்தும் உண்டு. காந்தியடிகள் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் சட்டக் கல்விக்காகப் பம்பாயிலிருந்து கப்பலேறியபோது அவருக்கு வயது 18. மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று புறப்படுமுன் தம் அன்னையின் மனம் அமைதியுறும்பொருட்டு அவர் விரதம் ஏற்றார். அவருக்கு அவ்விரதத்தை அளித்தவர் பேச்சார்ஜி சுவாமி என்னும் சமண முனிவர் என்பதை வாசகர் பலரும் அறிவர்.

சோதனை கப்பலிலேயே தொடங்கிவிட்டது. உடன் பயணம் செய்த ஆங்கிலேயர் ஒருவர், இங்கிலாந்தின் குளிரில் புலாலின்றி உயிர்வாழ இயலாது என்று அன்போடு எடுத்துரைத்தார். அவர் தீயவர் அல்லர், நல்லெண்ணத்துடனேயே கூறினார். அத்தகைய நல்லெண்ணத்தை மறுப்பது பகைவரை மறுப்பதினும் கடினம். எனினும் காந்தியடிகள் இசையவில்லை. 1891-இல் தாயகம் திரும்பும் வரையிலும் விரதம் குலையாது காத்தார்.

லண்டனில் செலவைச் சுருக்கும்பொருட்டு வண்டிப் பயணத்தை விடுத்து அவர் நடந்தே செல்லலானார். நாள்தோறும் 8 முதல் 10 மைல் வரை நடந்ததாகவும், அந்நடையே அங்கிருந்த காலத்தில் தம்மைப் பெரும்பாலும் நோய் அணுகாது காத்ததாகவும் தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடுகிறார். நாம் இங்கே கற்கத்தக்கது ஒன்றுண்டு. செல்ல வேண்டிய இடத்திற்கு நடந்தே செல்வது என்று முடிவு செய்தவனிடம், “இன்று நடக்கலாமா, வேண்டாமா?” என்னும் கேள்வி எழுவதில்லை. கேள்வி எழாத இடத்தில் சோம்பலுக்கு வாதாட வாய்ப்பும் இல்லை.

ஒரு தவறு எவ்வளவு பெரிது?

இனி நம் தலைப்பிற்கு வருவோம். அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட தம் உளவியல் நூலில், புதிய பழக்கம் நன்கு வேரூன்றும் வரை ஒருமுறையேனும் விலக்கு அளிக்கலாகாது என்று வற்புறுத்தினார். சுற்றிக்கொண்டிருக்கும் நூலுருண்டை கைதவறி விழுவதை அவர் உவமை காட்டினார். பொறுமையாகச் சுற்றியவற்றுள் பல சுற்றுகள் ஒரே வீழ்ச்சியில் கழன்றுவிடும் என்பது அவர் கருத்து.

ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்குப் பின், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளரும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து, 2010-இல் தம் முடிவுகளை இதழில் வெளியிட்டனர். ஒரு செயல் முயற்சியின்றித் தானே நிகழும் பழக்கமாவதற்கு நடுவளவாக 66 நாட்கள் ஆகின்றன என்றும், ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்றும் கணக்கிட்டனர். இடையில் ஒரு நாள் தவறியதனால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவில் தடைப்படவில்லை என்பதையும் கண்டனர்.

அவ்வாறாயின் ஜேம்ஸ் கூறியது பிழையா? அவர் கண்ட ஆபத்து மெய்யே. அந்த ஆபத்து இருக்கும் இடம்தான் வேறு. 1975-இல் வெளியான ஓர் ஆய்வில் ஹெர்மன், மாக் ஆகிய இருவர் பெண்கள் சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் பருகக் கொடுத்து, பின்னர் ஐஸ்கிரீமை விரும்பிய அளவு உண்ணச் செய்தனர். உணவுக் கட்டுப்பாட்டில் கருத்தில்லாதவர்கள், முன்பு பருகியதற்கு ஏற்பப் பின்பு குறைவாக உண்டனர். கட்டுப்பாட்டில் கருத்துடையவர்களோ, மில்க்‌ஷேக் பருகாதபோது உண்பதைவிடப் பருகியபின் மிகுதியாக உண்டனர். “கட்டுப்பாடுதான் போய்விட்டதே, இனி என்ன?” என்னும் எண்ணமே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர் விளக்குகின்றனர்.

ஆக, முதல் தவறு செய்யும் கேடு சிறிது. அத்தவறின்மேல் நாம் எழுதிக்கொள்ளும் தீர்ப்பு செய்யும் கேடு பெரிது. பனிப்புயல் வீசிய ஒரு நாளில் நடக்காமல் இருந்தவர் இழந்தது ஒரு நாளை மட்டுமே. “எல்லாம் போயிற்று, இனி மார்ச்சு மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்று அவர் முடிவு செய்வாராயின், அந்த முடிவினால் நூறு நாட்களை இழக்கிறார். தன்னை மிகக் கடுமையாகக் கண்டிப்பவன் ஒழுக்கமுடையவன்போல் தோன்றுகிறான். உண்மையில் அக்கண்டிப்பே பலமுறை அவனுக்கு விடுமுறைச் சீட்டாகிவிடுகிறது. தவறியவன் தன்னிடம் கேட்க வேண்டியது, “நான் எத்தகையவன்?” என்பதன்று, “அடுத்த நடை எப்போது?” என்பதே.

உடல் கூறும் சான்று

உடலும் இக்கருத்திற்கே சான்று பகர்கிறது. பயிற்சியை அறவே நிறுத்தினால், முதற் சில நாட்களிலேயே குருதியின் நீர்ப்பகுதி குறையத் தொடங்குகிறது. சில வாரங்களில் பிராணவாயுவை ஏற்றுப் பயன்படுத்தும் ஆற்றலும் தளர்கிறது. ஆனால் குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. ராபர்ட் ஹிக்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் உடனிருந்தோரும் 1981 முதல் 1985 வரை வெளியிட்ட ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. வாரம் 6 நாள், நாளொன்றுக்கு 40 நிமிடம் என 10 வாரங்கள் பயின்றவர்கள், பின்னர் 15 வாரங்கள் பயிற்சியைக் குறைத்துக்கொண்டனர். சிலர் வாரத்திற்கு 2 நாளாகக் குறைத்தனர். வேறு சிலர் நாளொன்றுக்கு 13 நிமிடமாகக் குறைத்தனர். இருசாராரிடத்தும் பிராணவாயுவை ஏற்கும் உச்ச ஆற்றல் பெரும்பாலும் நிலைத்து நின்றது. 13 நிமிடமே பயின்றவர்க்கு நெடுநேரம் தாங்கும் வலிமை மட்டும் ஓரளவு குன்றியது. நாளையும் நேரத்தையும் குறைக்காமல், முயற்சியின் விறுவிறுப்பை மட்டும் தளர்த்திக்கொண்டவர்களே உச்ச ஆற்றலில் இழப்புக்கு ஆளாயினர்.

அளவு சுருங்கினும் முயற்சி மெய்யாக இருப்பின், பெற்றதைக் காத்துக்கொள்ளலாம் என்பது இதனால் பெறப்படும். கோடையில் ஒரு மணி நேரம் நடந்தவர் குளிரில் இருபது நிமிடம் நடப்பது தோல்வியன்று. இருபது நிமிடம் இயலாது என்றால் வீட்டுப் படிகளைப் பத்து முறை ஏறி இறங்கலாம்.

விருந்தைப் பற்றிய அச்சத்திற்கும் ஓர் அளவுண்டு. அமெரிக்காவில் 195 பேரிடம் நடத்தி 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை எடை சராசரியாக 0.37 கிலோ மட்டுமே கூடியது தெரியவந்தது. மிகுதி என்று மக்கள் எண்ணியதைவிட இது குறைவே. ஆனால் பின்வந்த மாதங்களில் அச்சிறு எடை பெரும்பாலும் நீங்கவில்லை. ஆண்டுதோறும் சிறுகச் சேர்வது பலருக்கு நடுவயதில் பெருஞ்சுமையாகிறது. ஆகவே விருந்தைக் கண்டு நடுங்கவும் வேண்டா. விருந்துக்குப் பின் எழுந்து நடப்பதை மறக்கவும் வேண்டா.

பிடிவாதம் உறுதியாகாது

உறுதி என்னும் பெயரால் உடலை வருத்துவதும் அறமாகாது. காற்றின் வேகத்தையும் சேர்த்து உணரப்படும் குளிரின் அளவு சுழிக்குக் கீழ் 28 அல்லது அதனினும் தாழ்ந்தால், மூடப்படாத தோல் 10 முதல் 30 நிமிடத்திற்குள் உறைந்துபோகலாம் என்று கனடா அரசு எச்சரிக்கிறது. குளிரில் குருதிக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் உயர்கிறது. முதியோரும் இதய நோயுடையோரும் மருத்துவரைக் கேளாமல் வெளியே செல்லலாகாது. அத்தகைய நாட்களில் இடத்தை மாற்றிக்கொள்வதே அறிவுடைமை. டொரண்டோவில் நகரின் அடியில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள நடைவழிகள் உள்ளன. அங்காடி வளாகங்களிலும் நடக்கலாம். நார்வே நாட்டு வீராங்கனை இங்ரிட் கிறிஸ்டியான்சன் குளிர்கால ஓட்டத்தின் பெரும்பகுதியை வீட்டினுள் ட்ரெட்மில் பொறியின்மீதே முடித்தார். அவர் 1985-இல் லண்டன் மாரத்தானை 2 மணி 21 நிமிடம் 6 நொடியில் ஓடிப் படைத்த உலகச் சாதனை 13 ஆண்டுகள் நிலைத்தது. பனியை நேர்நின்று எதிர்த்தால்தான் வீரம் என்பதில்லை.

இல்லத்தார்க்குச் செய்யும் கடமையும் அவ்வாறே. நெடுந்தொலைவிலிருந்து வந்த உறவினர் உணவருந்தக் காத்திருக்க, “என் பயிற்சி நேரம்” என்று கூறி எழுந்து செல்பவர், உடலைப் பேணும் வேளையில் உள்ளத்தில் செருக்கை வளர்க்கிறார். மற்றவர் எழுமுன் அரைமணி முன்னதாக எழுந்தால் இருகடமையும் நிறைவேறும். அதனினும் சிறந்ததொரு வழி உண்டு: உணவு முடிந்தபின் பெரியவரையும் சிறுவரையும் உடனழைத்துக்கொண்டு நடப்பது. உரையாடலும் தொடரும், பேரப்பிள்ளைகளுக்கு அதுவே ஒரு பாடமாகவும் அமையும்.

முன்கூட்டியே வகுத்த வரம்பு

தெளிந்த மனத்தோடு இருக்கும் நவம்பர் மாதத்திலேயே குளிர்கால ஒழுங்கை வகுத்துக்கொள்ளுதல் நலம். எத்துணைக் கடினமான நாளிலும் செய்யக்கூடிய குறைந்த அளவு எது? வெளியே செல்ல இயலாத நாளில் பயிலும் இடம் எது? எந்நிலையில் அன்று ஓய்வு கொள்வது? இம்மூன்றையும் ஒரு தாளில் எழுதிவைத்தால், டிசம்பர் மாதத்துச் சோம்பலுக்குத் தீர்ப்பெழுத இடமிராது. ஓய்வு நாளும் அத்தாளில் முன்னரே இடம் பெற்றிருப்பின், ஓய்வு கொள்வதும் ஒழுங்கின் ஒரு பகுதியே ஆகும்.

அன்பர்களே, உறுதியுடையார் என்போர் ஒருநாளும் தவறாதவர் என்று எண்ணித் தளர வேண்டா. தவறிய நாளின் மறுநாள் காலையில், தம்மைத் தாமே பழித்துக்கொண்டு அமர்ந்திராமல், காலணியை எடுத்து அணிந்துகொள்பவரே உறுதியுடையார். உடற்பயிற்சியில் இதனைக் கற்றவர் சினம் காத்தல், சொல் காத்தல் முதலிய அரிய உறுதிகளிலும் இதனையே கைக்கொள்ளலாம். நம் இல்லங்களில் இப்பயிற்சி சிறிய அளவிலேனும் இன்றே தொடங்குவதாக.