பிடியரிசியும் ஐயரின் ஜெபமும்

கோவில்பட்டி வட்டாரத்துக் கிறிஸ்தவ ஊர்களில் ஸ்தோத்திரப் பண்டிகை ஆராதனை முடிந்ததும் ஏலம் தொடங்கும். உளுந்து மூட்டை, மிளகாய் வத்தல், முருங்கைக்காய்க் கட்டு, காலைக் கட்டிப் போட்ட சேவல் என ஒவ்வொன்றாக வரும். கடையில் பத்து ரூபாய் பெறாத ஒரு முட்டை நூறைத் தாண்டும். எடுத்தவரே அதைத் திரும்பக் காணிக்கையாக வைக்க, அதே முட்டை மறுபடியும் ஏலத்துக்கு வரும். மச்சான் கேட்ட விலைக்கு மேலே மாப்பிள்ளை கேட்பார்; ஒரே சிரிப்பாகக் கிடக்கும். யாருக்கும் முட்டை வேண்டியதில்லை. கோயில் நடக்க வேண்டும், உபதேசியார் வீட்டில் அடுப்பெரிய வேண்டும், சேகரத்துக் குருவானவரான ஐயர் வேறு கவலையில்லாமல் ஜெபிக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனையும்.

ஐயர் ஜெபிப்பதற்குச் சபையார் கொடுக்கிறார்கள் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தங்களுக்காக அவர் ஜெபிக்க வேண்டும் என்று கொடுக்கிறார்களா, அல்லது அவர் ஜெபிக்கிற மனிதராக இருக்க வேண்டும் என்று கொடுக்கிறார்களா? முதலாவது கூலி. இரண்டாவதற்குக் கொடுப்பவருக்கு எதுவும் திரும்பி வராது. கரிசலில் இது ஏட்டுக் கேள்வியாக நிற்பதில்லை. ஐப்பசி பிறந்தும் மானம் கறுக்காவிட்டால் மழைக்காக விசேஷ ஜெபம் வைப்பார்கள். பெய்துவிட்டால் ஐயர் நல்ல ஜெப மனுஷர். பெய்யாவிட்டால், போன ஐயர் இருந்த காலத்தில் இப்படிக் காயவில்லை என்று யாராவது டீக்கடையில் சொல்லிவைப்பார். ஒருவருடைய பக்தியை மழைமானியால் அளப்பது அநியாயம்தான். ஆனால் விதைத்துவிட்டு வானம் பார்க்கிறவனிடம் அதைச் சொல்லிப் புரியவைப்பது லேசல்ல.

இதே மண்ணில் கொடுப்பவருக்கு எதுவும் திரும்பாத கொடையும் நடந்திருக்கிறது. 1854இல் தாமஸ் ராக்லண்ட் என்ற கேம்பிரிட்ஜ்காரர், சென்னையில் மிஷன் செயலாளராக இருந்த வேலையை விட்டுவிட்டு, திருநெல்வேலிச் சீமையின் வட பகுதியில் கூடாரமடித்து ஊர் ஊராகப் போகும் ஊழியத்தைத் தொடங்கினார். டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் ஆகிய இருவரும் அவரோடு சேர்ந்தார்கள். தெற்கே தேரிக்காட்டிலும் பனங்காட்டிலும் சபைகள் அதற்குள் வேரூன்றியிருந்தன. வடக்கே சாத்தூர், சிவகாசிப் பக்கத்துக் கரிசலில் கிறிஸ்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். நான்கே ஆண்டுகளில், 1858 அக்டோபரில், ராக்லண்ட் சிவகாசியில் இறந்துபோனார்.

அவர் பெயரைச் சரித்திரம் மறக்கவில்லை. அவருக்குத் துணையாக வந்த உபதேசிமார்களை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. தென் திருநெல்வேலிச் சபைகள் தங்கள் செலவிலேயே உபதேசிமார்களை முறைவைத்து வடக்கே அனுப்பின. பதநீர் இறக்கியும் கருப்புக்கட்டி காய்ச்சியும் பிழைத்தவர்கள் அதிகமாக இருந்த சபைகள் அவை. அந்த உபதேசி அந்த நாட்களில் அவர்கள் பிள்ளைக்கு ஞானஸ்நான ஆயத்தம் செய்யப் போவதில்லை. அவர்கள் வீட்டுத் துக்கத்துக்கு வந்து நிற்கப் போவதுமில்லை. முகம் தெரியாத ஊரில் யாருக்கோ பிரசங்கித்துக்கொண்டிருப்பார். அந்தப் பணத்தைக் கூலிக் கணக்கில் எழுத வழியே இல்லை.

இந்தப் பழக்கம் பிறகு ஸ்தாபனமாகவே ஆனது. 1903 பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளை குருவானவர் ஒருவரின் மகன் வி.எஸ்.அசரியா. ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. நிஜாம் ராஜ்யத்திலிருந்த தோர்ணக்கல் பக்கம் ஊழியரை அனுப்பினார்கள். 1909இல் அசரியாவே அங்கே போனார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரும் ஆனார். இத்தகைய ஊழியங்களைத் தாங்கியதில் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போட்டு வைத்த பிடியரிசிக்கும் பங்குண்டு. கம்பும் சோளமும் அன்றாடச் சாப்பாடாகவும் நெல்லுச்சோறு விசேஷ நாளுக்கென்றும் இருந்த ஊர்களில் ஒரு பிடி அரிசியின் கனம் வேறு.

இன்றைய தென்னிந்தியத் திருச்சபை ஏற்பாட்டில் ஐயருக்குச் சம்பளம் திருமண்டலத்தின் வழியாக வருகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல். ஊர்ப் பெரியவர் ஒருவரின் கைப்பிடிக்குள் அவர் போய்விடாமல் இருக்க இது நல்ல வேலிதான். ஆனால் திருமண்டலத் தேர்தல் வந்துவிட்டால் வேலி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது ஊருக்கே தெரியும். ஐயர் எந்த அணி என்று விசாரிக்கிற சபையார், அவர் காலையில் எத்தனை மணிக்கு வேதத்தைத் திறக்கிறார் என்று விசாரிப்பதில்லை.

சுயாதீனப் பெந்தெகொஸ்தே சபைகளில் பாஸ்டருக்கு வேலியே கிடையாது. தசமபாகம் நேரே அவர் கைக்கு வரும். அதிகம் கொடுப்பவர் அடுத்த மாதம் வராமல் போனால் பாஸ்டர் வீட்டு வாடகை ஆட்டம் காணும். 1920களில் இலங்கையில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷன் வேறு வழி கண்டது: ஊழியர்களுக்குச் சம்பளமும் குடும்பமும் இல்லை, விசுவாச வீட்டில் எல்லாம் பொதுவில். கேட்கத் துணிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகுட்டியோடு மாதக் கடைசியைப் பார்த்த ஒருவர் செய்யும் பிரசங்கம் அங்கே கிடைக்காது.

பவுல் இந்தச் சிக்கலை நன்றாக அறிந்தவர். போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டாதே என்ற பழைய நியாயப்பிரமாணத்தைக் காட்டி, ஊழியனுக்குப் பிழைப்புக் கேட்க உரிமை உண்டு என்று கொரிந்தியரிடம் வாதாடினார். களத்தில் பிணையல் ஓட்டிய கரிசல்காரருக்கு அதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. ஆனால் அந்த உரிமையைக் கொரிந்துவில் அவர் கையாளவில்லை. அங்கே கூடாரம் செய்து பிழைத்தார். குறைந்ததற்கு மக்கெதோனியாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்ததை வாங்கிக்கொண்டார். கிட்டத்தில் இருந்து பிரசங்கம் கேட்டவர்களிடம் வேண்டாம், தூரத்தில் இருந்தவர்களிடம் சரி. தென் திருநெல்வேலி வடக்குக்குக் கொடுத்ததும் ஏறக்குறைய அதே ஏற்பாடு.

ஒவ்வொரு சேகரமும் தூரத்துச் சபையின் கையை எதிர்பார்க்க முடியாது. கிட்டத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடியது, கொடுத்ததற்குக் கணக்குக் கேளாமல் வேலையைப் பிரித்துக்கொள்வது. அப்போஸ்தலர் நடபடிகளில் விதவைகளின் பந்தி விசாரணைக்கு ஏழு பேரை ஏற்படுத்தியது, அப்போஸ்தலர்கள் ஜெபத்திலும் வசனத்திலும் நிலைத்திருக்கத்தான். அந்த ஏழு பேரில் ஒருவரான ஸ்தேவான் பந்தியோடு நிற்கவில்லை. ஜெப ஆலயத்தாரோடு வாதாடி, கல்லடிபட்டுச் செத்தார். பிலிப்பு சமாரியாவுக்குப் பிரசங்கிக்கப் போனார். நான்கைந்து ஊர்களைச் சுமக்கும் ஐயருக்குக் கட்டட நிதி ரசீதையும் அசன விருந்துக்கு அரிசி எடுப்பதையும் கமிட்டி ஏற்றுக்கொண்டால் காலைப் பொழுது மிச்சமாகும். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கிழவி வீட்டுக்குப் போய் ஜெபிப்பதையும் இரண்டு பேர் ஏற்றுக்கொண்டால், ஐயரின் பக்தி அவர் ஒருவருடைய வேலையாக மட்டும் இருக்காது.