முதுகில் ஒரு முகம்

உங்கள் முதுகை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ஜவுளிக்கடை டிரையல் ரூமில் எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி இருந்திருந்தால் ஒருவேளை பார்த்திருக்கலாம். மற்றபடி, நம்முடையது என்று பேர்தான். பார்ப்பதெல்லாம் அடுத்தவர்கள்!

அந்த முதுகு முழுக்கப் பச்சை குத்திக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றான் என் அக்கா மகன். பத்தொன்பது வயசு. நாமக்கல்லில் கல்லூரியில் படிக்கிறான். சேலத்தில் ஒரு டாட்டூ கடையில் பேசி, டிசைன் போட்டு, செல்போனில் வைத்திருந்தான். தோள்பட்டையில் ஆரம்பித்து இடுப்பு வரைக்கும் ஒரு முகம். அவன் அப்பா.

மச்சான் சொந்தமாக லாரி வைத்து ஓட்டியவர். 2021-ல் கொரோனாவில் போய்விட்டார். கடனை அடைக்க வண்டியை விற்றோம். லாரியின் பின்பக்கம் பிள்ளைகள் இருவர் பேரும் பெரிதாக எழுதியிருந்தது. நாமக்கல் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும், முதுகில் பிள்ளைகள் பேரைச் சுமக்கும் லாரிகள் எத்தனை என்று. வண்டியை வாங்கியவர் பெயிண்டரைக் கூப்பிட்டுத் தன் பிள்ளைகள் பேரை எழுதிக்கொண்டார். அதில் தப்பே இல்லை. ஆனால், பழைய எழுத்தின் மேல் பிரஷ் ஓடுவதை இவன் நின்று பார்த்திருக்கிறான். அப்போது பதினைந்து வயசு.

''யாரும் மேல பெயின்ட் அடிக்க முடியாத எடத்துல எழுதணும் மாமா.''

அக்கா அழுதுகொண்டே சொன்னாள்: ''நீயே கேளு தம்பி. அவனால பாக்கவே முடியாத எடத்துல அவங்கப்பாவ வெச்சு என்ன பண்ணப் போறான்?''

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். நடுவில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் பேச்சு வரவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பையன் ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்காகத் தினமும் விடியற்காலையில் எழுந்து ஓடுகிறான். ராணுவ விதிப்படி, நிரந்தரப் பச்சைக்கு அனுமதி உள்ள இடங்கள் இரண்டே இரண்டு: முன்கையின் உட்புறம், புறங்கை. வழக்கப்படி குத்திக்கொள்ளும் பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு உண்டு. முதுகில் அப்பா ஏறினால், உடம்பில் யூனிஃபார்ம் ஏறாது!

நான் பி.காம். படித்தவன். எந்தச் சொத்தை எடுத்தாலும் ஆயுள் எத்தனை வருஷம், தேய்மானம் எவ்வளவு என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பச்சைக்கு மட்டும் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. இன்று போடுகிறவன் ஒருவன். முப்பது வருஷம் கழித்துச் சுமக்கப் போகிறவன் வேறு ஒருவன். பத்தொன்பது வயசுக்காரன், ஐம்பது வயசுக்காரனைக் கேட்காமல் கையெழுத்துப் போடலாமா?

என் அப்பாயி கையில் ஒரு தேளும் கோலமும் இருந்தன. அவளுக்குப் பத்து வயசில் நாலு பேர் பிடித்து அமுக்கிக் குத்திவிட்டதாம். ஊர் ஊராக வந்த குறவர் பெண்கள்தான் அந்தக் காலத்துக் கலைஞர்கள். 1906-ல் வந்த தன் புத்தகத்தில் எட்கர் தர்ஸ்டன் அந்த மையின் பக்குவத்தையே எழுதி வைத்திருக்கிறார். மஞ்சளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, புதுப் பானையில் படிகிற கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்களாம். ''நக நட்டெல்லாம் கழட்டிப்புடுவாங்க, இது மட்டுந்தான் கூட வரும்'' என்பாள் அப்பாயி. அவளை யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஆனாலும், அதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டாள்.

எங்கள் ஊர் டீக்கடைக்காரர் கதை வேறு. 1970-களில் எம்.ஜி.ஆர். தன் கட்சிக்காரர்களைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். கட்சிக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு வந்தது. இவர் யோசிக்கவில்லை. கையில் இரட்டை இலை! 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தார், கட்சி உடைந்தது, சின்னம் முடங்கியது. 1989 ஜனவரி தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. ஓட்டுச் சீட்டில் இல்லாத சின்னம் அவர் கையில் இருந்தது. ''வருத்தமா இல்லியாங்க?'' என்று பிற்பாடு ஒருநாள் கேட்டேன். ''நான் குத்துனது இலைக்கு இல்ல தம்பி, தலைவருக்கு'' என்றார்.

எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். உளவியல் அறிஞர் டேனியல் கில்பர்ட்டும் அவரது சகாக்களும் 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 18 முதல் 68 வயது வரை, 19,000 பேருக்கு மேல். 'கடந்த பத்து வருஷத்தில் எவ்வளவு மாறினீர்கள்?' என்றால், 'நிறைய' என்கிறார்கள். 'அடுத்த பத்து வருஷத்தில்?' என்றால், 'இனி பெரிசா மாற மாட்டேன்' என்கிறார்கள். எந்த வயசில் கேட்டாலும் இதே கதைதான்! நாம் மாறிக்கொண்டே இருக்கிறோம், மாறி முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு.

அப்படியானால் நிரந்தரமாக எதையுமே செய்யக் கூடாதா? அதுவும் சரியில்லை. கல்யாணம் பண்ணுகிறோம், பிள்ளை பெறுகிறோம். ஐம்பது வயசு ஆளைக் கேட்டா செய்கிறோம்?

பச்சை ஏன் அழிவதில்லை தெரியுமா? ஊசி, மையை மேல்தோலுக்கு அடியில் இருக்கும் அடுக்கில் வைக்கிறது. அங்கே காவலுக்கு இருக்கும் செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. 2018-ல் பிரான்ஸ் விஞ்ஞானிகள் எலிகளை வைத்துக் கண்டுபிடித்தது, அந்த செல்களும் சாகின்றன என்பதை. செத்த செல் கைவிட்ட மையைப் புதிதாக வந்த செல் அதே இடத்தில் விழுங்கிக்கொள்கிறது. ஆக, குத்தின அன்றோடு வேலை முடியவில்லை. கைமாற்றிக் கைமாற்றித்தான் அந்தப் படம் நிற்கிறது.

நான் பையனிடம் இதைச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

''அடுத்த வருஷமும் உனக்கு இதே ஆசை இருக்குமா?''

''கண்டிப்பா இருக்கும் மாமா.''

''அப்ப எதுக்குடா அவசரம்?''

பதில் இல்லை. நிரந்தரமான ஆசைக்கு ஒரு வருஷம் ஒன்றும் பெரிசில்லை. ஒரு வருஷம்கூடத் தாங்காது என்று பயமாக இருந்தால், அந்த ஆசையை ஊசி வைத்துக் காப்பாற்ற முடியாது. முகாம் முடியட்டும், அதற்குப் பிறகும் தோன்றினால் நானே சேலத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அக்காவுக்கு என்மேல் கோபம்தான். ஆனால், அவன் முதுகு அவனுடையது.

டிசைனைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டச் சொன்னேன். காலையில் ஓடப் போவதற்கு முன் சட்டை எடுக்கும்போது பார்க்கிறானாம்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். ''அவன் காலேஜுக்குப் போனப்பறம் நானும் அந்தக் கதவைத் தொறந்து தொறந்து பாக்கறேன் தம்பி'' என்றாள்.