சாட்சிக்குச் சொல்லிக் கொடுக்கலாமா?

மையித்தை அடக்கி மண் தள்ளி முடித்தபின், கப்றின் தலைமாட்டில் ஒருவர் அமர்ந்து தல்கீன் ஓதுவதை நம்மில் கேளாதவர் இலர். வானவர் இருவர் வந்து வினவுவர், இன்ன வினாவுக்கு இன்ன விடை கூறு என்று இறந்தவர்க்கு எடுத்துக் கொடுப்பது அது. அது கூடுமா கூடாதா என்று ஆலிம்கள் வாதிட்டுக்கொள்வது தனிக்கதை; அதனுள் நாம் புகவில்லை. தல்கீன் என்னும் அதே சொல்லை நம் ஃபிக்ஹு நூலார் வேறோர் இடத்திலும் ஆள்கின்றனர். வழக்குமன்றத்தில் நிற்கும் சாட்சியின் வாயில் சொல்லை எடுத்து வைப்பதற்கும் அதுவே பெயர். கப்றில் கிடப்பவர்க்குச் சொல்லிக் கொடுப்பதை நாம் புண்ணியமாக நினைக்கிறோம். கூண்டில் நிற்பவர்க்குச் சொல்லிக் கொடுப்பது என்ன?

இந்த வினா நம் உள்ளத்தில் எழக் காரணம் ஒரு மலை. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே சென்றால் ஜவ்வாது மலை. சாமையும் தேனும் புளியும் பலாவும் அங்கிருந்து இறங்கும். கூலிக்கு ஆட்களும் இறங்குவர். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திர மாநிலத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படையினர் சுட்டதில் 20 தமிழர் மாண்டனர். அவர்களுள் பலர் இம்மலையையும் இதன் அடிவாரத்தையும் தருமபுரி மாவட்ட மலைகளையும் சேர்ந்தவர்கள். மரம் வெட்டியவர்கள் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது படை. ஆனால் சில நாட்களுக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் மூவர் போய் நின்றனர். தம்முடன் வந்தவர்கள் முதல் நாளே பேருந்திலிருந்தும் வழியிலும் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் என்பது அவர்கள் கூற்று. மூவரில் ஒருவர் தப்பியது எப்படி? பேருந்தில் ஒரு பெண்ணின் அருகில் அமர்ந்திருந்தார். அவளுடைய துணை என்று எண்ணி விட்டுவிட்டார்கள். இத்தகைய சிறு செய்தியை எவரும் கட்டிச் சொல்ல முடியாது என்று அதைப் படித்தபோதே நமக்குத் தோன்றிற்று. அம்மூவருக்கும் பாதுகாப்பளிக்குமாறு ஆணையம் கூறவேண்டியதாயிற்று.

அதற்கு முன் 2013 டிசம்பரில் அதே காட்டில் வன அலுவலர் இருவர் கொல்லப்பட்ட வழக்கில், தமிழ்நாட்டுக் கூலிகள் 200-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டனர். 2016-இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. இடைப்பட்ட காலத்தில் அவர்களை விசாரித்த மொழி தெலுங்கு. வழக்கு நடந்த மொழியும் அவர்களுடையதன்று.

இத்தகைய ஒருவர், சிறைக்குள் தமக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு நியாயம் கேட்டு வழக்குத் தொடுக்க எண்ணினால் என்ன செய்வார்? பழங்குடியினர்க்கும் காவலில் உள்ளோர்க்கும் இலவச வக்கீல் உண்டென்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. சொல்வதற்கும் கிடைப்பதற்கும் இடையில் எத்தனை படி என்பதைப் படி ஏறியவர்களே அறிவார்கள். வக்கீல் அமையாமலோ, அமைந்தவரிடம் நம்பிக்கையில்லாமலோ தம் வழக்கைத் தாமே நடத்தும் கைதிகள் எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலச் சிறையிலிருந்த தாமஸ் கூப்பர் என்னும் கறுப்பு முஸ்லிம், மார்க்க நூல்களைத் தமக்குத் தர மறுக்கிறார்கள் என்று வழக்கிட்டார். சிறை அதிகாரிமேல் கைதி உரிமை வழக்குத் தொடுக்கலாம் என்று 1964-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் வழக்கில் தீர்ப்பளித்தது. அவ்வழக்குக்கு ஆதாரமான சட்டம் 1871-ஆம் ஆண்டுச் சட்டம். நம் நாட்டில், திகார் சிறையிலிருந்த சுனில் பத்ரா மற்றொரு கைதி வதைக்கப்பட்டதைப் பற்றி ஒரு நீதிபதிக்குக் கடிதம் எழுதினார், கடிதமே வழக்காயிற்று. 1979 டிசம்பரில் நீதிபதி கிருஷ்ணய்யர் முதலானோர் தீர்ப்புரைத்தனர். அவ்வழக்கில் நீதிமன்றம் தனக்குத் துணையாக வக்கீல்களை நியமித்து, சிறைக்குள் சென்று சாட்சிகளைக் கண்டு பேசிவர அதிகாரமும் கொடுத்தது. கைதி தானே சாட்சியைத் தேடிக் கண்டு பேச இயலாதென்பது நீதிபதிகளுக்குத் தெரிந்திருந்தது.

இயலாமை எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். சிவில் வழக்கில் எழுவினாக்கள் வகுக்கப்பட்ட 15 நாட்களுக்குள் சாட்சிப் பட்டியல் கொடுக்கவேண்டும். இன்னார் எதற்காக வருகிறார் என்று சொல்லவேண்டும். சம்மன் போகவேண்டுமானால் சாட்சியின் வழிச்செலவுக்கும் படிக்கும் பணம் கட்டவேண்டும். சாட்சியும் கைதியானால் அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் சட்டத்தின் 16-அ கட்டளைப்படி தனி உத்தரவு பெறவேண்டும். வெளியிலுள்ள சாட்சியோடு பேசலாமென்றால், சிறைவாசிகள் 'மனு' என்று சொல்லும் நேர்காணல் நாளில் கம்பிக்கு இப்புறமும் அப்புறமும் நின்று, பக்கத்தில் காவலர் கேட்டுக்கொண்டிருக்கப் பேசவேண்டும். கடிதம் எழுதினால் அது முதலில் அலுவலகத்தில் படிக்கப்படும். யார்மேல் வழக்கோ அவர்களின் காதில் விழாமல் சாட்சியிடம் ஒரு சொல் பேச முடியாது. எதிர்த் தரப்புச் சாட்சிகளோ அலுவலகத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து கோப்புகளைப் புரட்டித் தயாராகிறார்கள். சாட்சிக்குச் சொல்லிக் கொடுப்பது பாவம் என்று பொதுவில் முழங்கிவிட்டால், அந்தப் பாவத்தைச் செய்ய வசதியுள்ளவர் தப்பிக்கொள்வார், வசதியற்றவர்மேல் மட்டும் பழி விழும்.

இனி ஃபிக்ஹுக்கு வருவோம். காஜி சாட்சிக்குத் தல்கீன் செய்வதை இமாம் அபூ ஹனீஃபாவும் இமாம் முஹம்மதும் வெறுத்தனர். ஒரு தரப்புக்குத் துணை போவதாக அது முடியும் என்பது காரணம். இமாம் அபூ யூசுஃப் மட்டும், சந்தேகத்துக்கு இடமில்லாத இடத்தில் அது நல்லதே என்றார். மன்றத்தின் கம்பீரம் கண்டு சாட்சியின் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அறிந்ததையும் சொல்ல வாராது, அவர்க்குக் கைகொடுப்பது ஓர் உரிமையை உயிர்ப்பிப்பதாகும் என்பது அவர் கருத்து. ஹிதாயா ஓதிய மாணவர் எவரும் இதை அறிவர். அபூ யூசுஃப் காஜியாக அமர்ந்து மனிதர்களைப் பார்த்தவர். ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய கிதாபுல் கராஜில், கைதிகள் சங்கிலியோடு தெருவில் பிச்சைக்கு அனுப்பப்படுவதைக் கண்டித்து, அவர்களுக்கு மாதப் பணமும் கோடை உடையும் குளிர்கால உடையும் அரசு தரவேண்டுமென்று எழுதியவரும் அவரே. இரண்டையும் எழுதியது ஒரே உள்ளம் என்று நாம் கருதுகிறோம். ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. இமாம்கள் பேசியது நடுநிலையில் இருக்கும் காஜியைப் பற்றி. வழக்காடும் கட்சிக்காரரைப் பற்றியன்று. அவர்க்குத் தம் வெற்றியில் ஆசை உண்டு.

ஆகவே கட்சிக்காரரே கைதியாக நின்ற ஒரு வழக்கை நாம் பார்க்கவேண்டும். அது நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த வழக்கு. அரசனின் கனவுக்கு விளக்கம் சொல்லி, விடுதலையாகி வருமாறு தூதன் வந்தபோது நபி யூசுஃப் (அலை) உடனே எழுந்து போகவில்லை. அத்தனை காலம் சிறையில் இருந்திருந்தால் அழைத்தவனுக்கு நாம் உடனே விடையளித்திருப்போம் என்னும் கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது ஹதீஸில் வருகிறது. யூசுஃப் நபி கேட்டது ஒன்றே: தம் கைகளை வெட்டிக்கொண்ட அப்பெண்களின் செய்தி என்ன என்று அரசனைக் கேட்கச் சொன்னார். வக்கீல் இல்லை, வழக்காடுபவர் அவரே, சாட்சிகளைச் சுட்டியவரும் அவரே. ஆனால் அப்பெண்கள் என்ன சொல்லவேண்டும் என்று அவர் சொல்லியனுப்பவில்லை. தம்மைச் சிறையிலிட்ட எஜமானியைச் சுட்டவும் இல்லை. விரிவுரையாளர்கள் இதைக் குறித்துப் பாராட்டியுள்ளனர். கேள்வியை மட்டும் அனுப்பினார், விடையைச் சாட்சிகளிடமே விட்டுவைத்தார். அப்பெண்கள் அவரிடம் தீங்கெதுவும் தாம் காணவில்லை என்றனர். எஜமானியும் வாய் திறந்து உண்மையை ஒப்புக்கொண்டாள்.

இன்றைய சட்டமும் இதையே கேட்கிறது என்பது வியப்பு. நம் சாட்சியச் சட்டம் 1872-இல் எழுந்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் புதுச்சட்டம் வந்தும் இவ்விதி மாறவில்லை. தன் சாட்சியைத் தானே விசாரிப்பவர், விடையைத் தன்னுள் வைத்திருக்கும் கேள்வியைக் கேட்கலாகாது. குறுக்கு விசாரணையில் மட்டும் கேட்கலாம். காவலர் என்னைத் தடியால் அடித்ததைக் கண்டாயல்லவா என்று கைதி தம் சாட்சியைக் கேட்டால் எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். அன்று என்ன கண்டாய் என்றுதான் கேட்கவேண்டும். ஆனால் 2002 முதல் சிவில் வழக்கில் கட்சிக்காரர் தாமே அழைத்துவரும் சாட்சியின் முதல் விசாரணை பெரும்பாலும் பிரமாணப் பத்திரமாகவே கொடுக்கப்படுகிறது. பிறர் எழுதியதன் கீழ்ச் சாட்சி ஒப்பமிடுகிறார். மலைக்காரரின் பெருவிரல் ரேகைக்கு மேலே வக்கீல் குமாஸ்தாவின் நடை நடமாடும்.

குமாஸ்தா என்றதும் நம் பழைய வெட்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு வேலித் தகராற்றில் நாமும் சாட்சிக் கூண்டில் நின்றிருக்கிறோம். நீதிமன்றத்துக்கு எதிரிலிருந்த தேநீர்க் கடையில் வக்கீல் குமாஸ்தா நம்மை அமர்த்தி, எந்த நேரம் பார்த்தீர்கள் என்றார். அஸருக்கு முன்பு என்றோம். அப்படியானால் நான்கு மணி என்று சொல்லிவிடுங்கள் ஹஜ்ரத், அவர்களுக்கு மணிதான் வேண்டும் என்றார். நாமும் கூண்டில் நான்கு மணி என்றோம். எதிர் வக்கீல் கடிகாரம் பார்த்தீரா என்றார், இல்லை என்றோம். பின் எப்படித் தெரியும் என்றார். தொழுகை நேரத்தைச் சொல்லித் தப்பியிருக்கலாம், நாக்கு எழவில்லை. வேலி பிடுங்கப்பட்டதை நாம் கண்ணால் கண்டது மெய். நம்முடையதல்லாத ஒரு மணி அந்த மெய்யையும் இழுத்துக்கொண்டு போயிற்று.

மதரஸாவில் ஹிஃப்ழு ஓதும் பிள்ளைகளைச் சோதிக்கும்போது நாம் ஒரு தந்திரம் செய்வதுண்டு. பாடத்தின் நடுவிலிருந்து ஓதச் சொல்வோம். ஒலியை மட்டும் பிடித்த பிள்ளை திரும்பத் தொடக்கத்துக்கு ஓடும். கண்ணால் கண்டவர் எங்கிருந்தும் தொடங்குவார். கற்பிக்கப்பட்டவர் முதலிலிருந்துதான் தொடங்குவார். குறுக்கு விசாரணை செய்யும் வக்கீல்கள் இதை எந்த மதரஸாவிலும் ஓதாமலே அறிந்திருக்கிறார்கள்.

ஜவ்வாது மலையில் காவலூரில் ஒரு வானாய்வுக் கூடம் இருக்கிறது. 1986-இல் அங்கு நிறுவப்பட்ட பெரிய தொலைநோக்கியால் விண்மீனின் அசைவை நொடிக்கணக்கில் குறிக்கிறார்கள். அதன் அடியிலுள்ள ஊரில் தேன் எடுக்கும் முதியவரைக் கேட்டால், கோழி கூவும்போது புறப்பட்டேன், நிழல் காலடியில் விழும்போது வந்தேன் என்பார். இரண்டும் காலக்கணக்கே. அவரைச் சாட்சியாக்க விரும்பும் கைதி, கோழி கூவியதை ஐந்து மணியாக மாற்றாதிருப்பதே அவரைத் தயார் செய்யும் முதற்காரியம். நீதிபதி எங்கே இருப்பார், யார் கேள்வி கேட்பார், எதிர் வக்கீல் உரத்த குரலில் பேசினால் அது கோபமன்று, தொழில் என்பதையெல்லாம் சொல்லி வைக்கலாம். கடுமையான கேள்விகளைத் தாமே முன்கூட்டிக் கேட்டுப் பழக்கலாம். நினைவு தடுமாறினால், உடனிருந்து கண்டவர் நினைவூட்டலாம். கடன் சாட்சியம் பற்றிய திருமறை வசனத்தில் ஒரு பெண் தவறினால் மற்றவள் நினைவூட்டுவாள் என வருவது இத்தகைய நினைவூட்டலையே. ஆனால் தெரியாது என்றும் நினைவில்லை என்றும் சாட்சி சொல்லும் இடங்கள் சில இருக்கும். வழக்குக்கு அவை இடைஞ்சலாகத் தோன்றும். அவற்றைத் துடைத்துவிடும் கை, மற்ற இடங்களையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது.

இதைவிடக் கடினமான ஒன்று உண்டு. சாட்சியும் கைதியானால், மாலையில் அதே வண்டியில் அதே கொட்டடிக்குத் திரும்புவார். அங்கே சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவருக்கு எதிராகத்தான் அன்று பேசியிருப்பார். அதே கடன் வசனத்தில், எழுதுபவரும் சாட்சியும் துன்புறுத்தப்படலாகாது என்றும் வருகிறது. அழைத்தால் சாட்சி மறுக்கலாகாது என்று சொன்ன இடத்திலேயே இதுவும் சொல்லப்பட்டிருக்கிறது. தமக்குத் தீங்கு நேரும் என்று அஞ்சுபவர்க்குச் சாட்சி சொல்லும் கடமை நீங்கும் என்று சட்ட அறிஞர் பலர் கொண்டனர். நம் நாட்டில் சாட்சிகளைக் காக்கும் திட்டமொன்றை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில்தான் ஏற்று, எல்லா மாநிலங்களும் பின்பற்றுமாறு ஆணையிட்டது. ஆகவே தம் வழக்கைத் தாமே நடத்தும் கைதி, தோழரை நோக்கி நீ வந்து சொல் என்று கேட்பதற்கு முன், வந்தால் உனக்கு இன்னது நேரலாம் என்று சொல்லவேண்டும். சொன்னால் அவர் வராமற் போகலாம். வழக்கு தோற்கலாம். நாமே அக்கைதியாக இருந்தால் சொல்லியிருப்போமா என்று எண்ணிப் பார்த்தோம். உறுதியாக ஆம் என்று சொல்ல வரவில்லை.

தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடியிலுள்ள வாச்சாத்தியில் 1992 ஜூனில் சந்தனக் கட்டை தேடிப் போன வன, காவல், வருவாய்த் துறையினர் ஊரையே சூறையாடினர். பதினெட்டுப் பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர். குற்றவாளிகள் என்று பெண்களும் குழந்தைகளுமாகச் சேலம் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டனர். அப்போது அச்சத்தால் வாய் மூடியிருந்த பெண்கள், பின்னர் சி.பி.ஐ.யிடமும் நீதிமன்றத்திலும் பேசினர். குற்றஞ்சாட்டப்பட்ட அலுவலர் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புக் கூறியபோது அவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனப்பட்டனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சிறைக்குப் போனபோது இளம்பெண்களாக இருந்தவர்கள், அந்தத் தீர்ப்பு வந்த நாளில் நாற்பதையும் ஐம்பதையும் கடந்திருந்தனர்.