இரண்டு வீட்டுத் தாலாட்டு

வெள்ளவத்தை. ஞாயிறு பின்னேரம். ரயில் போகிறது. யன்னல் கம்பி அதிர்ந்து அடங்குகிறது. அதன் பிறகுதான் கடல் கேட்கிறது.

தொலைக்காட்சியில் ‘பாசமலர்’. 1961. கறுப்பு வெள்ளை.

அம்மா கதிரையை முன்னுக்கு இழுக்கிறா.

*

ராதா பொம்மை செய்கிறாள். சாவித்திரியின் முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நான் கையைப் பார்க்கிறேன்.

பொம்மை விற்றுச் சேர்த்த காசு ஆயிரம் ரூபாய். அண்ணன் ராஜசேகர் வேலை செய்த தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. சொந்தமாகத் தொழில் தொடங்கு என்று எடுத்துக் கொடுக்கிறாள்.

ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை பொம்மை.

எண்ணத் தோன்றுகிறது. பிறகு அந்த எண்ணமும் போய்விடுகிறது.

*

அம்மா இந்தப் படத்தைக் கொட்டாஞ்சேனையில் பார்த்தவா. தியேட்டர் ஒருநாள் செல்லமஹால் என்கிறா. இன்னொரு நாள் கிங்ஸ்லி.

கூட்டிக்கொண்டு போனது மாமா. அதில் மட்டும் மாற்றமில்லை.

கச்சான் சுருளை மாமா பிடித்திருக்கிறார். அம்மா எடுத்து எடுத்துச் சாப்பிடுகிறா. இடைவேளைக்குப் பிறகு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

*

ஆனந்தன் வருகிறான். ஜெமினி கணேசன். நிஜத்திலும் சாவித்திரியின் கணவர் அவர்தான்.

“பாவம்” என்கிறா அம்மா.

யார் என்று சொல்லவில்லை.

*

கல்யாணப் பாட்டு. எல். ஆர். ஈஸ்வரியின் குரல். பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலும் கேட்டிருக்கிறேன். பொம்பிளை நடந்து வருகிறாள். வீடியோக்காரர் பின்னால் பின்னால் போகிறார். அந்தப் பாட்டுக்குப் பிறகு படத்தில் என்ன நடக்கிறது என்று மண்டபத்தில் யாரும் நினைப்பதில்லை.

நினைக்க வேண்டியதுமில்லை.

*

ஆனந்தனின் அத்தை வீட்டுக்குள் வருகிறாள். ஒரு சொல். இன்னொரு சொல். வீடு இரண்டாகிறது.

இயக்குநர் பீம்சிங்கின் படங்களில் இப்படித்தான் ஒரு வீடு இருக்கும். ‘பாகப்பிரிவினை’யிலும் இருந்தது. சுவரில் எங்கோ ஒரு கீறல் விழும். அது வளர்வதைப் பொறுமையாகக் காட்டுவார்.

அத்தையைக் கண்டதும் அம்மா எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுகிறா. கோபமா, தாகமா, தெரியவில்லை.

*

எங்கள் வீட்டில் அப்படி ஓர் அத்தை இல்லை. சண்டை இல்லை. யாரும் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை.

1983 ஆடிக் கலவரம். இந்த ஒழுங்கையில் வீடுகள் எரிகின்றன. காலி வீதியில் கடைகள் எரிகின்றன. அம்மாவும் மாமாவும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில், ஒரே பாயில். பிறகு கப்பல். காங்கேசன்துறை. பிறகு மாமா கனடாவுக்கு. அம்மா திரும்பி வெள்ளவத்தைக்கு.

அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல் வராது.

சினிமாவுக்குப் பிரிக்கிற ஆள் ஒன்று வேண்டியிருக்கிறது. அந்த ஆளைப் பார்த்துக் கோபப்படலாம். அது ஒரு ஆறுதல்தான் என்று இப்போது தோன்றுகிறது.

*

தாலாட்டு.

ஒரு வீட்டில் அண்ணன், தன் பிள்ளையோடு. மற்ற வீட்டில் தங்கச்சி, தன் பிள்ளையோடு. டி. எம். சௌந்தரராஜன் ஒரு பக்கம், பி. சுசீலா ஒரு பக்கம். கண்ணதாசனின் சொற்கள். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் மெட்டை மெதுவாக விடுகிறார்கள்.

அவனுக்கு அவள் பாடுவது கேட்காது. அவளுக்கு அவன் பாடுவது கேட்காது. அவன் விட்ட இடத்தில் அவள் எடுக்கிறாள்.

இரண்டையும் கேட்பது பார்க்கிறவர்கள் மட்டும்.

பிள்ளைகளுக்கு நித்திரை வருகிறது. பெரியவர்களுக்கு வரவில்லை.

இந்தப் பாட்டை இலங்கை வானொலியில் கேட்டுத்தான் அம்மா பாடமாக்கினா. சென்னையில் பதிந்த பாட்டு கொழும்புக்கு வந்து, இங்கிருந்து காற்றில் ஏறித் திரும்பவும் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் போன காலம் அது. எனக்கு அம்மா பாடியதும் இதுதான். அம்மா அண்ணனின் பகுதியையும் பாடுவா. அந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவா.

இப்போது பாடவில்லை. உதடு மட்டும் அசைகிறது.

தேத்தண்ணியில் ஆடை படிகிறது.

*

மின்விசிறி. மூச்சு. கீழே முச்சக்கர வண்டி ஒன்று திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போகிறது.

*

பட்டாசு. பிள்ளையைக் காப்பாற்றப் போன ராஜசேகரின் கண்கள் போய்விடுகின்றன. அது தங்கச்சியின் பிள்ளை.

கடைசியில் ராதா வருகிறாள். அவன் பார்க்க முடியாது. சின்ன வயதில் கைவீசி விளையாடிய பாட்டை உடைந்த குரலில் சொல்கிறான்.

அண்ணனாக நடிக்கும் சிவாஜி நிறைய அழுகிறார் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த இடத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழுவதற்குப் பழகாத ஒரு முகம் தெரிகிறது. இரண்டு கைகள் பிடித்தபடி இருக்கின்றன. இரண்டு பேரும் போய்விடுகிறார்கள்.

அம்மா அழவில்லை. சீலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைக்கிறா.

*

இரவு ஏழரை. அங்கே கனடாவில் காலை பத்து.

மாமா வீடியோவில் வருகிறார். போனை மேசையில் சாய்த்து வைக்கத் தெரியாது. அவருடைய சீலிங்தான் அதிகம் தெரிகிறது. ஒரு வெள்ளைக் குமிழ் விளக்கு. நெற்றியில் பாதி.

அம்மாவும் போனைக் காதில் வைத்துத்தான் கதைக்கிறா. அவருக்குத் தெரிவது அம்மாவின் காதும் தோடும்.

“பாசமலர் போட்டவங்கள் அண்ணை.”

“ம்.”

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்க்கிறேன். அறவில்லை.

வியாழக்கிழமை கண் ஒப்பரேஷன் என்கிறார் மாமா. கட்டராக்ட்தான், பெரிய விஷயமில்லையாம்.

எந்தக் கண் என்று அம்மா கேட்கிறா. இடது. ஆர் கூட்டிக்கொண்டு போறது. மகள். குனியக் கூடாது, தலை முழுகக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டு போகிறா. மாமா ஒவ்வொன்றுக்கும் “ஓம் பிள்ளை” என்கிறார்.