எழுபது இடங்களுக்குள் ஒரு கடமை

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் வெள்ளக்காடாக்கியது. அப்படியொரு நாளில் வெளியூர்ப் பிள்ளை அம்மாவின் குரலுக்காகத் திரும்பத் திரும்ப அழைப்பது பாசமா, அடுத்தவர் வழியை அடைப்பதா? அறக்கேள்விதான் இது. பேச்சு முடியும்வரை அழைப்பு கைபேசிக் கோபுரத்தின் கொள்ளளவில் ஒரு பங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. குறுஞ்செய்தி நொடியில் கடந்துவிடும். எதிர்முனை போன் அணைந்திருந்தால் காத்திருந்து, சிக்னல் வந்ததும் போய்ச் சேரும். தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்துக்குறி இடம்; ‘ம்’ என்றால் புள்ளிக்கும் ஓர் இடம் போகும். ஆனாலும் ‘பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம், நலம்’ என்பதற்கு அதில் பாதிகூட ஆகாது. உளுந்தூர்பேட்டை அருகே திருநறுங்கொண்டையில் இன்றும் கோயில் கொண்டிருக்கும் சமணம், மிகையாகச் சேர்க்காதிருத்தலை அபரிக்கிரகம் என்கிறது. உடைமைக்குச் சொன்னதை நெரிசலான அலைவரிசைக்கும் நீட்டலாம் என்பதே என் வாதம்.

எழுத்து ஆறுதல் தருமா என்பார்கள். குரல் அளவுக்குத் தராதுதான். எழுத்தறியாத மூத்தவருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் படித்துச் சொல்லவேண்டும். அந்தரங்கம் கொஞ்சம் போகும், போகட்டும். கனமான மறுப்பு வேறு: கல்வராயன் மலையில் கோபுரமே எட்டாத சிற்றூர்கள் உண்டு, அங்கே சிக்கனம் பேசுவது ஏளனமில்லையா? கோபுரம் அரசின் கடன், அதில் மாற்றுக் கருத்தில்லை. அதுவரை மேட்டில் ஏறி ஒருவர் அனுப்பும் செய்தி ஊருக்கே சேர்த்ததாகட்டும்; முதல் பெயர் மருந்து தேவைப்படுபவருடையது.