இளையோர் நலமும் இலாப வேட்கையும்

மனிதனது நலம் எது என்னும் வினா தத்துவத்தைப் போலவே பழைமையானது. இன்பம் வேறு, நலம் வேறு என்று பிரித்துணர்ந்தவர் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில். கணப்பொழுதில் தோன்றி மறையும் கிளர்ச்சியை அவர் நலமெனக் கொள்ளவில்லை. மனிதன் தன் ஆற்றல்களைத் தொழிற்படுத்தி வாழும் வாழ்வையே நலம் என்றார். நட்பும் சமூகமும் இன்றி அவ்வாழ்வு கைகூடாதென்பதும் அவர் கருத்து. அடிமை முறையை நியாயப்படுத்திய ஒருவரின் வாயிலிருந்து வந்ததாயினும் இப்பாகுபாடு நமக்குப் பயன்படுவது. ஏனெனில் இன்பத்தை நலமென்று விற்கும் வாணிபம் ஒன்று இன்று நம் பிள்ளைகளின் உள்ளங்கைகளிலேயே நடைபெறுகின்றது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் ஆசிரியர்கள் கூடுமிடமெல்லாம் இன்று கேட்கும் முறைப்பாடு ஒன்றே. பிள்ளைகள் இரவெல்லாம் கைத்தொலைபேசியில் விழித்திருந்து, வகுப்பில் உறங்குகின்றனர். ஒரு பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கும் பொறுமை அவர்களுக்கில்லை. காரணமின்றிச் சினக்கின்றனர், காரணமின்றிச் சோர்கின்றனர். "படிக்கிறதுக்கெண்டுதானே வாங்கிக் குடுத்தனாங்கள்" என்று தாய்மார் ஏங்குகின்றனர். இம்முறைப்பாடு பொய்யன்று. ஆனால் முறைப்பாடு ஆராய்ச்சியாகிவிடாது. பிள்ளையின் நடத்தையைக் கண்டு நோவதோடு நின்றுவிட்டால், அந்நடத்தையைத் தோற்றுவிக்கும் சக்திகள் நம் கண்ணுக்குப் புலப்படாமலே போய்விடும்.

வரலாற்றின் இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9ஆம் நாள், அமெரிக்காவின் முகநூல் நிறுவனம் 'விருப்பு' என்னும் பொத்தானை உலகுக்கு அறிமுகஞ் செய்தது. அதே பெப்ரவரியில், முல்லைத்தீவின் கரையோரத்தில் அரசு பாதுகாப்பு வலயமென அறிவித்த ஒடுங்கிய நிலத்தில், வன்னி மக்கள் பதுங்கு குழிகளுக்குள் எறிகணைகளுக்கு அஞ்சிக் கிடந்தனர். மே மாதத்தில் போர் முடிந்தது. எஞ்சியோரில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முட்கம்பிகளுக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பகுதியினரைக் கொண்டிருந்த செட்டிகுளம் மனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. போர் முடிந்த 2009ஆம் ஆண்டில் பிறந்த குழந்தையே இன்று பதின்ம வயதினன். அவனும் அப்பொத்தானும் ஓராண்டிற் பிறந்தவர்கள். ஒருவரையொருவர் அறியாது பிறந்த இவ்விருவரும் இன்று ஓரறையில் உறங்குகின்றனர்.

போர்க்காலத்தில் வன்னி, செய்திகள் புகமுடியாத நிலமாக இருந்தது. பொருளாதாரத் தடையினால் மின்கலமும் மண்ணெண்ணெயும் கூட அரும்பொருள்களாயின. துவிச்சக்கர வண்டியின் சில்லைச் சுழற்றி, அதன் தைனமோவில் வானொலி கேட்ட மக்கள் இவர்கள். போருக்குப்பின், மீள்குடியேறியோரின் தகரக் கொட்டில்களுக்கு மேலாகத் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் எழுந்தன. அச்சுப் பண்பாடும் நூலகமும் மெல்ல மெல்லப் பதப்படுத்திய பின்னர் வந்து சேர்ந்த கருவியன்று இது. இழப்பின் நடுவே, ஒரே பாய்ச்சலில் வந்து சேர்ந்தது. பின்னர் 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வட்ஸ்அப் குழுக்களே வகுப்பறைகளாயின. அடகு வைத்தும் கடன்பட்டும் கைத்தொலைபேசி வாங்கிய பெற்றோர் பலர். ஆதலின் பிள்ளையின் கையில் இக்கருவியைத் திணித்தவன் பிள்ளையல்லன். அதைக் கட்டாயப் பாடநூலாக்கியது கல்வி அமைப்பே. பாடம் முடிந்தபின் அதே கருவி வேறு பாடங்களைக் கற்பிக்கத் தொடங்கியபோது நாம் திகைத்து நிற்கின்றோம்.

இக்கருவி பிள்ளைகளின் மனத்தை எவ்வளவு பாதிக்கின்றதென்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. 2023 மே மாதம் அமெரிக்கத் தலைமைச் சுகாதார அதிகாரி விவேக் மூர்த்தி வெளியிட்ட எச்சரிக்கை, நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகங்களிற் செலவிடும் இளையோருக்கு மனநலக் குறைபாடுகளின் அபாயம் இருமடங்கு எனச் சுட்டியது. 2021இல் பிரான்சிஸ் ஹோகன் வெளிக்கொணர்ந்த முகநூல் நிறுவனத்தின் உள் ஆவணங்கள், தம் உடலைத் தாழ்வாக எண்ணிய பதின்ம வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 32 பேர், இன்ஸ்டகிராம் அவ்வெண்ணத்தை மேலும் மோசமாக்கியதாகக் கூறியதைக் காட்டின. மறுபுறத்தில், 2019இல் ஏமி ஓபன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி என்னும் இருவர் பெருந்தொகையான தரவுகளை ஆராய்ந்து, இளையோரின் நலனிற் காணப்படும் வேறுபாட்டில் நூற்றில் அரைப்பங்குக்கும் குறைவானதையே இலத்திரனியற் கருவிகள் விளக்குகின்றன என முடிவு கண்டனர்.

இம்முடிவுகள் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றினும் உண்மையில் அவ்வாறல்ல. சராசரி என்பது எல்லாரையும் ஒரு குவியலாக்கிக் காண்பது. மழை எல்லா வீட்டின்மீதும் பெய்கின்றது. கூரையிற் பொத்தலுள்ள வீடே நனைகின்றது. உறுதியான குடும்பமும், விளையாட்டும், எதிர்காலமும் உள்ள பிள்ளையைச் சிறிதே தீண்டிச் செல்லும் ஒன்று, அவையற்ற பிள்ளையை ஆழ்த்திவிடலாம். எனவே 'கருவி தீயதா நல்லதா' என்று கேட்பதிற் பயனில்லை. 'எந்தச் சமூக நிலைமையில், யாருடைய கையில்?' என்றே கேட்டல் வேண்டும்.

முதலில் கருவியின் மறுமுனையில் இருப்பவர் யார் என்பதைக் காண்போம். முகநூலையும் இன்ஸ்டகிராமையும் உடைமையாகக் கொண்ட மெற்றா நிறுவனம் 2023இல் ஈட்டிய வருவாய் ஏறத்தாழ 13,500 கோடி டொலர். அதில் நூற்றுக்கு 97 பங்குக்கும் மேலானது விளம்பரத்தால் வந்தது. பயன்படுத்துவோரிடம் பணம் பெறாமல் இவ்வளவு செல்வம் திரண்டது எப்படி? இங்கே விற்கப்படும் பண்டம் பயன்படுத்துவோரின் கவனமேயாகும். பிள்ளை திரையைப் பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் விளம்பரக்காரனுக்கு விற்கப்படுகின்றது. ஆதலின் அந்நிமிடங்களைப் பெருக்குவதே பொறியியலாளரின் பணியாகின்றது. முடிவின்றிக் கீழ்நோக்கி உருளும் பக்கம் 2006இல் வகுக்கப்பட்ட உத்தி. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கமுண்டு, இதற்கு இல்லை. மனித மனத்தின் பலவீனமொன்றைத் தெரிந்தே பயன்படுத்திக் கொண்டோம் என்று முகநூலின் முதல் தலைவராயிருந்த ஷோன் பாக்கர் 2017இல் வெளிப்படையாகவே கூறினார். தொழிலாளியின் உழைப்பு நேரத்தை நீட்டிப்பதற்கு முதலாளி கையாண்ட வழிகளைக் கார்ல் மார்க்ஸ் விரிவாக ஆராய்ந்தார். இன்றோ ஓய்வு நேரமும் உறக்கமுங் கூட மூலப்பொருளாகிவிட்டன.

இதில் மற்றொரு கொடுமையுமுண்டு. வறிய நாட்டுப் பிள்ளையின் கவனத்துக்கு விளம்பரச் சந்தையில் விலை குறைவு. விலை குறைந்தவர்க்குப் பாதுகாப்பும் குறைவு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள்மீது வன்முறை ஏவப்பட்டபோது, வெறுப்பைத் தூண்டும் சிங்களப் பதிவுகளை முகநூல் உரிய காலத்தில் அகற்றவில்லை. ஈராண்டு கழித்து, 2020இல், அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது. பிள்ளையிடமிருந்து கொள்ளும்போது மொழி ஒரு தடையாக இருப்பதில்லை. காக்கும்போது மட்டும் மொழி தடையாகிவிடுகின்றது!

இனி வன்னிப் பிள்ளையின் நிலைமையை நோக்குவோம். அவனது மைத்துனன் ரொறன்ரோவிலோ பாரிசிலோ இலண்டனிலோ வாழ்கிறான். அவனது பிறந்தநாளும் புதிய காரும் பனிக்கால உல்லாசமும் நாள்தோறும் திரையில் வந்து போகின்றன. அங்கே இரவுப் பணியில் அந்த மைத்துனனின் தந்தை கைகள் விறைக்க உழைப்பது மட்டும் படத்தில் வருவதில்லை. இதனால் தன் தந்தையின் வயலும், தாயின் தையற் பொறியும் பிள்ளையின் கண்ணிற் சிறுக்கின்றன. உழைப்பை மறைத்து நுகர்ச்சியை மட்டுங் காட்டும் கண்ணாடியில் முகம் பார்ப்பவன், தன்னைத் தோல்வியுற்றவனாகக் காண்பது வியப்பன்று.

பார்ப்பவனாக மட்டுமன்றிப் பார்க்கப்படுபவனாகவும் வன்னிப் பிள்ளை ஆக்கப்பட்டுள்ளான். போரிற் கணவரை இழந்த பெண்களின் வீடுகளுக்கு ஒளிப்பதிவுக் கருவியோடு சென்று, அவர்களின் வறுமையைப் படமாக்கி, புலம்பெயர்ந்தோரின் இரக்கத்தைத் திரட்டும் யூரியூப் காணொளிகள் வடமாகாணத்திற் பெருகியுள்ளன. உதவி சிலருக்குக் கிட்டுகின்றதென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அரிசிப் பைக்கு விலையாகப் பெறப்படுவது ஒரு பதின்ம வயதுப் பெண்ணின் கண்ணீர். 2025இல் இத்தகைய காணொளியொன்றில் இளம்பெண் ஒருத்தி நடத்தப்பட்ட விதம் பலத்த கண்டனத்துக்குள்ளாகி, விடயம் பொலிஸ் வரை சென்றது. மறுநாள் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையை அவளது வறுமை அவளுக்கு முன்பே சென்று வகுப்பறையில் காத்திருக்கின்றது. அவளது மானத்துக்கு என்ன விலை மதித்தோம்?

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ 1755இல் எழுதிய சமத்துவமின்மை பற்றிய நூலில், மனிதர் ஒன்றுகூடிப் பாடவும் ஆடவும் தொடங்கிய காலத்திலேயே, தான் பிறராற் பார்க்கப்படவேண்டும் என்னும் வேட்கையும் தோன்றியது என்றார். பொறாமையும் வெட்கமும் அங்கே முளைவிட்டன என்பது அவரது கருத்து. இதனை ஒரு திருத்தத்தோடு ஏற்கலாம். பார்க்கப்படுதல் தன்னளவிற் தீங்கன்று. முல்லைத்தீவின் கோவலன் கூத்தில் ஆடும் இளைஞனையும் ஊரே பார்க்கின்றது. ஆனால் பார்ப்பவர் அவனை அறிந்தவர். தவறினால் சிரிப்பர், மறுநாள் அவனோடு வயலில் வேலை செய்வர். அப்பார்வைக்கு உறவும் பொறுப்பும் உண்டு. கைத்தொலைபேசியின் பார்வையோ எண்ணிக்கையாகச் சுருங்கி, விலையாக மாறிய பார்வை. எத்தனை பேர் விரும்பினர் என்பது தெரியும், விரும்பியவர் யாரென்பது பொருட்டன்று. ரூசோ கண்ட வேட்கையைத் தீங்காக்கியது அதன்மீது நடத்தப்படும் வாணிபமே.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? இரு விடைகள் எளிதாகக் கிடைக்கின்றன.

ஒன்று, தடை. அவுஸ்திரேலியா 2024இல் சட்டமியற்றி, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்துள்ளது. அங்கே பொறுப்பு நிறுவனங்கள் மீதே சுமத்தப்பட்டுள்ளது என்பது கவனிக்கத்தக்கது. நம் நாட்டிலோ 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பிள்ளைகளின் பாதுகாப்பையும் ஒரு நியாயமாகக் கூறிக்கொண்டே வந்து, கருத்துச் சுதந்திரத்தை நெரிப்பதெனக் கண்டிக்கப்பட்டது. தடையென்றால் என்னவென்று வன்னிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2017 பெப்ரவரி தொடக்கம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடித் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மாரின் குரலை உலகுக்குக் கொண்டு சென்றவற்றுள் இதே கைத்தொலைபேசியும் ஒன்று. மறைந்த தந்தையின் ஒரேயொரு படம் அதற்குள்ளேயே இருக்கும் பிள்ளைகளும் உளர். அதைப் பறிப்பவர் எதைப் பறிக்கிறோம் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

மற்றொன்று, 'தன்னடக்கம்' என்னும் உபதேசம். பிள்ளை தானே கட்டுப்பாடு பழகவேண்டும் என்பர். ஒருபுறம் உலகின் மிகத் திறமையான பொறியியலாளரும் உளவியலாளரும், மறுபுறம் பதினான்கு வயதுப் பிள்ளை. இப்போட்டியிற் தோற்பவனை ஒழுக்கமற்றவன் என்பது அறமாகுமா? சுதந்திரம் என்பது தடையின்மை மட்டுமன்று. தெரிவு செய்வதற்கு வேறொன்று இருப்பதும் ஆகும். மாலையில் விளையாட்டுத் திடலில்லை, திறந்த நூலகமில்லை, இருட்டியபின் பேருந்தில்லை என்ற நிலையிலுள்ள கிராமத்துப் பிள்ளை திரையைத் 'தெரிவு' செய்தான் என்பது சொல் விளையாட்டே. பெண்பிள்ளையின் நிலை இன்னும் கடினம். பொழுது சாய்ந்தபின் அவளுக்குத் திறந்திருக்கும் ஒரே வெளி அதுதான். படங்களைக் காட்டி மிரட்டுவோர் காத்திருப்பதும் அவ்வெளியிலேதான். அவ்வாறு மிரட்டப்பட்டால், மிரட்டியவனை விட்டு, அவளது படிப்பை நிறுத்தும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. நிறுவனத்தின் குற்றத்தோடு நமது பழைமைவாதத்தின் குற்றமும் ஈண்டு சேர்கின்றது.

சமுதாய அமைப்பு மாறும் வரை ஆவதொன்றுமில்லை என்று கைகட்டி நிற்பதும் முற்போக்காகாது. உளமருத்துவ அறிஞர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் போர்க்கால அனுபவங்களை ஆராய்ந்து, காயமுற்றது தனிமனித மனம் மட்டுமன்று. உறவும் நம்பிக்கையும் சேர்ந்த சமூகமே காயமுற்றது என்று 2010இல் எழுதினார். இக்கருத்து ஒரு வழிகாட்டி. கூட்டாக ஏற்பட்ட காயத்தைத் தனித்தனித் திரைகள் ஆற்றமாட்டா. அவற்றை அணைத்துவிட்டுத் தனித்தனியே இருட்டில் உட்கார்ந்திருப்பதும் ஆற்றாது.

ஆகவே ஆசிரியரும் மாணவரும் இன்றே தொடங்கத்தக்க பணிகள் சில உள. பாடங்களையும் அறிவித்தல்களையும் இரவில் வட்ஸ்அப் குழுக்களில் அனுப்பி, பிள்ளையைத் திரைக்குத் திருப்பி அழைப்பதை ஆசிரியர் முதலில் நிறுத்தட்டும். தகவல் தொடர்பாடல் தொழினுட்ப வகுப்பில் கருவியை இயக்கும் முறையோடு, அதனால் இலாபம் பெறுபவர் யார், எவ்வாறு பெறுகின்றனர் என்பதும் கற்பிக்கப்படட்டும். தான் எவ்வாறு விற்கப்படுகின்றான் என்பதை அறிந்த பிள்ளையிடம் வெட்கம் குறைந்து சினம் பிறக்கும், அச்சினம் ஆரோக்கியமானது. பூட்டிக்கிடக்கும் சனசமூக நிலையங்களின் கதவுகள் மாலையில் பெண்பிள்ளைகளுக்கும் திறக்கப்படட்டும். மிரட்டப்பட்ட பிள்ளை அச்சமின்றி வந்து சொல்லத்தக்க ஓர் ஆசிரியையேனும் ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்கட்டும். இவற்றோடு, தமிழறிந்த பரிசோதகரை நியமிக்குமாறும், இரவில் பிள்ளைகளைத் துரத்தும் உத்திகளைக் கைவிடுமாறும் நிறுவனங்களை வற்புறுத்தும் சட்டத்தை, பேச்சுரிமையை நெரிக்காத சட்டத்தை, ஆசிரியர் சங்கங்கள் சிங்கள ஆசிரியரோடும் முஸ்லிம் ஆசிரியரோடும் இணைந்து கோர வேண்டும். குருநாகலிலும் மூதூரிலும் உள்ள பிள்ளைகளின் உறக்கத்தையும் இதே நிறுவனங்களே விற்கின்றன.

நமது பிள்ளைகள் பலவற்றை இழந்த ஒரு தலைமுறையின் மடியிற் பிறந்தவர்கள். அவர்களின் கவனமும் உறக்கமும் தன்மதிப்பும் எவருடைய வருவாய்க் கணக்கிலும் எழுதப்படுவதற்குரியன அல்ல. இதனை வகுப்பறையிலும் சங்கக் கூட்டத்திலும் தயக்கமின்றி எடுத்துரைப்பது ஆசிரியரின் கடமையாகும்.