பன்னிரண்டாவது ஆள்

பாடியில் ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குள் நுழைந்து, '25 மில்லிமீட்டரில் ஒரு ஷாஃப்ட், ரொம்பத் துல்லியமாக வேண்டும்' என்று கேட்டுப் பாருங்கள். 'டாலரன்ஸ் எவ்வளவு சார்?' என்று திருப்பிக் கேட்பார்கள். எவ்வளவு பிசகலாம் என்று சொன்னால்தான் அங்கே துல்லியம் பற்றிப் பேசவே முடியும்.

கிராண்ட் பியானோவுக்கு முதன்முதலாகச் சுருதி சேர்க்க உட்காருகிறவருக்கும் இதே பாடம்தான். 88 கட்டைகள், சுமார் 230 கம்பிகள். 440 அதிர்வுள்ள இசைக்கவையைத் தட்டி ஒரு ஸ்வரத்தைச் சரிசெய்துகொண்டு, அங்கிருந்து பஞ்சமம் பஞ்சமமாகத் தாவினால், 12-வது தாவலில் புறப்பட்ட ஸ்வரத்துக்கே வந்து சேர வேண்டும். வராது! பஞ்சமம் என்பது ஒன்றரை மடங்கு. அதை 12 முறை பெருக்கினால் 129.75. ஏழு ஸ்தாயி ஏறினாலோ 128. இடிக்கிறது. கம்பி மேல் குற்றமில்லை, கணக்கே அப்படி.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? 11 பஞ்சமங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம். மொத்தப் பிசகும் 12-வதன் தலையில் விழும். அது கேட்கச் சகிக்காது. மேல்நாட்டில் அதற்கு 'ஓநாய்' என்றே பெயர். அல்லது, 12 பேரும் ஆளுக்கு அரை ஸ்வரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு விட்டுக்கொடுக்கலாம். இன்றைய பியானோக்கள் அப்படித்தான் பாடுகின்றன.

'சுத்தத்தை விட்டுக்கொடுப்பது பொய்யில்லையா?' என்பீர்கள். நியாயமான கேள்வி. அகில இந்திய வானொலி 1940-ல் ஹார்மோனியத்தைத் தடை செய்ததற்குப் பின்னாலும், அதன் அசையாத ஸ்வரங்கள் நம் சங்கீதத்துக்கு ஒத்துவராது என்ற வாதம் இருந்தது. தம்புராவுக்கு ஒரே ஒரு சட்ஜம். அதனால் சுத்தமாக இருக்க முடிகிறது. தனி ஆளுக்குச் சுத்தம் சுலபம். 12 பேர் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போதுதான் சிக்கல்.

நம் வீடுகளையே பாருங்களேன். அப்பாவின் ஆசாரம் குறையக் கூடாது. பையனின் படிப்பு கெடக் கூடாது. மாமியாரின் சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது. எல்லாம் சுத்தம். ராத்திரி பத்தரை மணிக்கு அடுப்படியில் நின்றபடி, ஆறிப்போன சாதத்தை ஒருத்தி சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். மற்றவர்கள் விட்டுக்கொடுக்காத அத்தனையும் அவள் கணக்கில்தான் ஏறியிருக்கிறது. நாளைக்கு அவள் ஒரு வார்த்தை சத்தமாகப் பேசிவிட்டால், 'அவளால்தான் வீட்டில் நிம்மதியில்லை' என்போம்.

அதற்காக எல்லாவற்றிலும் 'அட்ஜஸ்ட்' செய்துகொள்ளச் சொல்லவில்லை. பியானோவில் பெரும்பாலான ஸ்வரங்களுக்கு மும்மூன்று கம்பிகள். அந்த மூன்றும் இம்மி பிசகாமல் ஒன்றாக ஒலிக்க வேண்டும். நம் நினைப்பும் சொல்லும் செயலும் அப்படி. அங்கே டாலரன்ஸ் கிடையாது. விட்டுக்கொடுப்பதெல்லாம் நமக்கும் அடுத்தவருக்கும் நடுவில்தான்.

இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது, உங்கள் வீட்டின் 12-வது ஆள் யார் என்று கொஞ்சம் பாருங்கள். ஒருவேளை அது நீங்கள்தான் என்றால், தயங்காமல் ஊளையிடுங்கள். தப்பே இல்லை.